கழிவும் காவலும்

எரு நாறுகின்றதே என்று கமக்காரன் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. இன்று நாறுவது நாளை நெல்லாகும் என்பதை அவன் அறிவான். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயமும் கேட்டவுடன் முகஞ் சுளிக்க வைப்பதே. குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியில் இதனை எழுதலாமா என்று சற்றுத் தயங்கினோம். ஆயினும், உயிர் காக்கும் வழியொன்றைப் பற்றிப் பேச நாணுவது அறிவுடைமையாகாது. ஆதலின் சொல்லிவிடுகின்றோம்: சுகதேகி ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலிலே குடியேற்றும் சிகிச்சையொன்று உலகில் நடைபெறுகின்றது. மாற்றீரல் பொருத்தப்பெற்றோரைக் கிருமித் தொற்றிலிருந்து காக்க அது உதவுமா என்று வைத்திய அறிஞர் இப்பொழுது ஆராய்கின்றனர்.

ஈரலுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஈரலை அடையும் இரத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, குடல் முதலிய உறுப்புக்களைச் சுற்றிய பின்னரே அங்கு வந்து சேருகின்றது. உணவின் சத்தோடு, குடற்சுவரைத் தாண்டிவரும் கிருமிகளும் அவ்வழியே வருவதுண்டு. அவற்றை வாயிலில் நின்று தடுக்கும் காவலாளி ஈரல். அக்காவலாளி நோயுற்றால் கிருமிகள் உடலெங்கும் பரவுதல் எளிதாகின்றது.

ஈரல் முற்றாகக் கெட்டவருக்கு இன்னொருவரின் ஈரலைப் பொருத்துகின்றனர். சில வேளைகளில் தந்தையோ மகளோ தம் ஈரலின் ஒரு பகுதியையே அறுத்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி, வந்த உறுப்பை அந்நியனென்று கருதி அழிக்க முனையும். அதனை அடக்கி வைக்க மருந்து கொடுத்தல் வேண்டும். சேனையை அடக்கினால் கோட்டைக் கதவு திறந்ததுபோலாகும். நோயாளியோ நெடுநாளாக வைத்தியசாலையிற் கிடந்தவர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பலமுறை உட்கொண்டவர். அம்மருந்துகள் தீய கிருமிகளோடு, குடலில் இயல்பாக வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகின்றன. நெற்பயிர் அடர்ந்து நின்றால் களை தலைதூக்காது. பயிர் அழிந்த வயலிலோ களையே முதலில் முளைக்கும். அவ்வாறே, எம்மருந்துக்கும் அடங்காத கிருமிகள் வெறுமையான குடலைக் கைப்பற்றிக்கொள்கின்றன. சத்திரசிகிச்சை வெற்றி பெற்ற பின்பும் நோயாளி தொற்றினால் இறக்க நேர்வது இதனாலேயாம்.

இவ்விரு சிகிச்சைகளின் வரலாற்றிலும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டென்வர் நகரம் இடம்பெற்றிருத்தல் வியப்பிற்குரியது. 1958ஆம் ஆண்டில் பென் ஐஸ்மன் என்னும் சத்திரவைத்தியரும் அவர்தம் துணைவரும், கொடிய குடலழற்சியால் வருந்திய நால்வருக்கு மலக் கரைசலைக் குடலிற் செலுத்திக் குணங்கண்டதாக அறிவித்தனர். அதே நகரத்தில் 1963ஆம் ஆண்டில் தோமஸ் ஸ்ரார்ஸல் மனிதருக்கு முதன்முதலாக ஈரல் மாற்ற முயன்றார். மூன்று வயதுச் சிறுவனாகிய அந்நோயாளி பிழைக்கவில்லை. மனந்தளராத அவர் 1967இல் செய்த சிகிச்சையால் ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தது.

ஐஸ்மனின் வழி பல்லாண்டு காலம் பெரிதும் கவனிக்கப்படாதிருந்தது. 2013ஆம் ஆண்டில் நெதர்லாந்து வைத்தியர்கள் அதனை முறையாகச் சோதித்தனர். டிபிசிலே என்னும் கிருமியால் மீண்டும் மீண்டும் வயிற்றோட்டங் கண்டவர்களுள், நுண்ணுயிர்களைப் பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமடைந்தனர். வங்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தோர் நால்வரே. ஈரல் நோயாளர் பற்றியும் ஆராய்ச்சி வளர்ந்தது. மாற்றீரல் பெற்றோரின் மலத்தைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் சோதித்து, நல்ல நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்கள் குறைந்தோர்க்குத் தொற்று அபாயம் மிகுதி என்பதை 2024இல் வெளியிட்டனர்.

அப்படியாயின் இச்சிகிச்சையை உடனே எல்லோருக்கும் செய்துவிடலாமே என்று அவசரப்படுதல் கூடாது. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இருவருக்கு, ஒரே கொடையாளியின் மலத்தோடு மருந்துக்கடங்காத ஈ.கோலி கிருமியும் சென்றுவிட்டது. அவ்விருவருள் ஈரல் நோயாளி பிழைத்தார். எதிர்ப்புச் சக்தி குன்றிய மற்றவர் இறந்தார். அந்தக் கிருமிக்கான சோதனை அம்மலத்திற்குச் செய்யப்பட்டிருக்கவில்லை. எவருடைய எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டுள்ளதோ அவருக்கே இச்சிகிச்சை மிகவும் தேவை. அவருக்கே அது மிகவும் ஆபத்தானது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதுதான் இன்று வைத்தியர்முன் உள்ள வேலை. அந்நிகழ்ச்சிக்குப் பின் சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. நன்கொடை மலத்திலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய நுண்ணுயிர் வித்திகளைக் கொண்ட குளிசைக்கு 2023இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. ஆயினும் அவ்வனுமதி டிபிசிலே நோய் திரும்பாமற் காப்பதற்கு மட்டுமே. மாற்றீரல் பெற்றோரைப் பிற தொற்றுக்களிலிருந்து காக்கும் முயற்சி இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே நிற்கின்றது.

இதிலே நம் வீட்டாருக்கும் ஒரு பாடம் உண்டு. இச்சிகிச்சையை வீட்டிலே செய்துபார்க்க எவரும் எண்ணுதல் ஆகாது. கொடையாளியைச் சோதிக்காமல் செய்வது நஞ்சைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நாம் செய்யத்தக்கது வேறொன்று. சிறு தடிமனுக்கெல்லாம் மருந்துக்கடையில் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை வாங்கி விழுங்குவதையும், மிஞ்சியதை அயலவருக்குக் கொடுப்பதையும் விட்டுவிடுவோம். அவ்வாறு விழுங்கும் ஒவ்வொரு குளிசையும் நமது குடலிலுள்ள காவலரைக் கொல்லவும், மருந்துக்கடங்காத கிருமியை வளர்க்கவும் வல்லது. அக்கிருமி நம்மோடு நிற்பதில்லை. தந்தை ஈந்த ஈரலோடு எங்கோ ஒரு கட்டிலில் உயிருக்குப் போராடும் பிள்ளையிடத்தும் ஒருநாள் போய்ச் சேரலாம். கூலி கேளாது நமக்குள்ளே காவல் புரியும் அவ்வுயிர்களை வீணே கொல்லாதிருத்தல், நமக்கும் பிறர்க்கும் நாம் செய்யும் பேருதவியாகும்.