வடிவமைப்பும் பொது வசதியே

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் சிறுதொழில் செய்கிறவருக்குக் கடன் தர வங்கி உண்டு. பெண்களைக் குழுவாகச் சேர்த்துப் பயிற்சி தர மகளிர் திட்டம் உண்டு. செய்த பொருள் எந்த வடிவில், எந்த உறையில், என்ன எழுத்தோடு போனால் வாங்குபவருக்குப் புரியும், பயன்படும் என்று கூட உட்கார்ந்து யோசிக்கத்தான் பெரும்பாலும் ஆளில்லை. வடிவமைப்பு என்றாலே லோகோ, வண்ணம், பளபளப்பு என்று நினைத்துப் பழகிவிட்டோம். அது வசதி படைத்த கம்பெனிகளின் விவகாரம் என்று ஒதுக்கியும் விட்டோம். சாலை, குடிநீர், தெருவிளக்கு போல வடிவமைப்பும் ஊருக்குச் செய்து தரவேண்டிய வசதி என்பதே நம் வாதம்.

1958இல் அரசின் அழைப்பின் பேரில் இந்தியாவைச் சுற்றிவந்த சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், சிறந்த வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாகத் தங்கள் அறிக்கையில் நம் சொம்பைத்தான் வைத்தார்கள். எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படிச் சாயும், கழுவ எளிதா, என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போனார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறக்க அந்த அறிக்கைதான் வழி செய்தது. அதே போன்ற கேள்விகளைக் கேட்டதால் கிண்டி ஐஐடியில் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மையத்திலிருந்து 2020இல் நியோஃபிளை சக்கர நாற்காலி வந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு என்றிருந்த பொருளை, உட்காருபவரின் உடலுக்கேற்ப 18 வகையில் மாற்றிக்கொள்ளலாம் என்றாக்கினார்கள். அரசுப் பேருந்தில் மகளிர் கட்டணமில்லாப் பயணமும் வடிவமைப்பின் பயனையே காட்டுகிறது. 2021 மே மாதமே திட்டம் வந்துவிட்டது. ஆனால் வருகிற வண்டி இலவசமாக ஏறக்கூடிய சாதாரணக் கட்டணப் பேருந்தா, சொகுசா என்று பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் அந்தச் சாதாரணப் பேருந்துகளுக்கு இளஞ்சிவப்பு பூசத் தொடங்கிய பிறகு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் தூரத்திலேயே அடையாளம் கண்டு கைகாட்ட முடிந்தது. ஒரு சாயம், ஆணையில் இருந்த உரிமையை நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தது.

‘சரக்கு நன்றாக இருந்தால் தானே விற்கும்’ என்பார்கள். அனகாபுத்தூர் நெசவாளர்களின் சரக்குக்கு என்ன குறை? மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரில் நைஜீரியாவுக்குக் கட்டம்போட்ட துணி நெய்து அனுப்பிய ஊர் அது. எழுபதுகளில் அந்த நாடு இறக்குமதிக்குத் தடை போட்டதும் தறிகள் ஓய்ந்தன. பின்னர் அங்குள்ளவர்கள் வாழைநார், சணல், கற்றாழை என்று இயற்கை நார்களுக்கு மாறிப் புடவை நெய்தார்கள். வாழைநார் மட்டையின் நீளத்துக்கு மேல் கிடைக்காது. ஒவ்வொன்றையும் அடுத்ததோடு முடிந்து முடிந்து நீட்டித்தான் ஊடையாக ஓட்ட வேண்டும். அந்த முடிச்சு கைவேலையின் சான்று. விவரம் தெரியாதவர் கண்ணுக்கோ அது துணியின் பழுது. பாவு எது, ஊடை எது, எப்படித் துவைப்பது, முடிச்சு ஏன் தட்டுப்படுகிறது என்று நாலு வரியில் சொல்லும் ஓர் அட்டை புடவையோடு போகாவிட்டால், நெய்தவரின் உழைப்பு பேரம் பேசும் இடத்தில் அடிபட்டுப் போகும்.

‘ஊறுகாய், வத்தல் போடுகிற குழுவுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?’ என்பது நியாயமான கேள்வி. கட்டுப்படியாகாத வடிவமைப்பு தவறான வடிவமைப்பு என்பதே பதில். பல வண்ணத்தில் பை அச்சடிக்க நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் அச்சகம் ஏற்காது. விலையோ எடையோ மாறினால் மிச்சமிருக்கும் பைகள் வீண். வெற்றுப் பையில் ஒரே நிற ஸ்டிக்கர், தேதிக்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று திட்டமிட்டால் ஐம்பது பாக்கெட்டுக்கும் சரிப்படும். சட்டமும் இங்கே கவனிக்க வேண்டியது. பொட்டலத்தின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். சேலையூரில் செய்து செம்பாக்கத்தில் விற்கும் பொருளில் உப்பின் அளவையும் தயாரித்த நாளையும் தமிழில் படிக்கும்படி இடம் ஒதுக்குவது வடிவமைப்பாளரின் மனச்சாட்சியைப் பொறுத்ததாகிவிட்டது.

‘மாணவர்களும் தன்னார்வலர்களும் இலவசமாகச் செய்து தருகிறார்களே’ என்றால், அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் பருவம் முடிந்ததும் மாணவர் போய்விடுகிறார். கோப்பு அவருடைய மடிக்கணினியோடு போய்விடுகிறது. அடுத்த விலையேற்றத்தின்போது டிடிபி கடையில் அந்த எழுத்துரு கிடைக்காது. பழைய லேபிளில் பேனாவால் அடித்துத் திருத்த வேண்டியதுதான். செய்தவரின் தொகுப்பில் ஒரு பக்கம் கூடும். தொழில் நடத்துபவர் இருந்த இடத்திலேயே இருப்பார். இலவசம் என்பதால் குறை சொல்லவும் கூச்சப்படுவார்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சி இதைக் கையில் எடுக்கலாம். மண்டலத்துக்கு ஒரு வடிவமைப்பு உதவி மையம் போதும். அங்கே வேலை செய்பவருக்கு முறையான சம்பளம் வேண்டும். செய்து கொடுத்ததை விற்பனைக்குப் போன பிறகும் வந்து பார்த்துத் திருத்தும் பொறுப்பு அவருக்கு இருக்கவேண்டும். யூனிகோடு எழுத்துருவில் அமைந்த மூலக்கோப்பு, தொழில் நடத்துபவரின் சொத்தாக அவர் கைக்கு வரவேண்டும். தரமணியில் நிஃப்ட், கிண்டியில் ஐஐடி என்று பயின்றவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை அனகாபுத்தூர் தறிக்கும் பம்மல் பட்டறைக்கும் சம்பளத்தோடு அனுப்பும் ஏற்பாடு ஒன்றுதான் பாக்கி. அதை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே சேர்க்கும்படி மாநகராட்சியைக் கேட்கிறோம்.