சங்கப் பலகையில் இடமில்லாதவர்கள்

மதுரையில் 'சங்கம்' என்றதும் இலக்கிய அன்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பொற்றாமரைக் குளமும் சங்கப் பலகையும்தான். கொஞ்சம் வரலாறு அறிந்தவர்கள் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். பழங்காநத்தத்தில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு பக்கம் டி.வி.எஸ். நகர், திருப்பரங்குன்றம் சாலையில் சற்றுத் தள்ளிப் போனால் பசுமலை. அங்கே மகாலட்சுமி ஆலைத் தொழிலாளர் நடத்திய போராட்டத்துக்காக 1938இல் சிறை சென்றவர் முத்துராமலிங்கத் தேவர். மதுரையின் பஞ்சாலைச் சங்கங்களை அவரோடு சேர்ந்து கட்டியவர் ஜீவா. தேவரைக் கொண்டாடுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் ஒருங்கே மறந்துபோன பக்கம் இது.

இதை நினைவூட்டக் காரணம் இருக்கிறது. 'சங்கம் வைத்துத்தான் ஆலைகளை மூடினார்கள். நம் சட்டம் தொழிலாளிக்கு அளவுமீறி இடம் கொடுத்துவிட்டது' என்று தேநீர்க்கடையில் மட்டுமல்ல, சிற்றிதழ் வட்டாரத்திலும் பேசுகிறார்கள். சட்டம் கொடுத்த இடம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் தலைவர் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் பின்னி நிறுவனம் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. சங்கம் வைப்பதே ஒப்பந்தத்தை மீறத் தூண்டும் குற்றமாகிவிடக்கூடிய அந்த நிலைக்கு விடையாகவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அது தந்தது பதிவும், இத்தகைய வழக்குகளிலிருந்து காப்பும். பதிவான சங்கத்தோடு முதலாளி பேசித்தான் ஆகவேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. பலகையைச் செய்து கொடுத்துவிட்டு, அதில் உட்கார அனுமதிப்பது எதிராளியின் பெருந்தன்மை என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் திருத்தம் 1947இல் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வரவே இல்லை. 1958இல் வந்த ஒழுங்கு நெறிமுறை சட்ட வலிமையற்ற ஒரு கனவான் ஒப்பந்தம். 1961இல் உச்சநீதிமன்றம், சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமைக்குள் கூட்டுப்பேரம் பேசும் உரிமை அடங்காது என்றது. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் பேச மறுப்பது முறைகேடு என்று 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அறிவித்தது. எந்தச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட சங்கம் என்று கேட்டால் விடையில்லை. மகாராஷ்டிரம் 1971இலும் கேரளம் 2010இலும் தமக்கென்று சட்டம் செய்துகொண்டன. முதல் சங்கம் கண்ட தமிழகம் செய்யவில்லை.

அதன் விளைவைச் சுங்குவார்சத்திரத்தில் கண்டோம். சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வெளியே நின்றார்கள். ஊதியக் கோரிக்கை இருந்தது. ஆனால் முட்டுக்கட்டை சங்கத்தில்தான். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருப்பதை நிறுவனம் எதிர்த்தது. அந்தப் பெயர் பொறித்த பெட்டிகளை நாளெல்லாம் செய்து தருகிறவன், தன்னை அந்த ஆலையின் தொழிலாளி என்று எழுதிக்கொள்ள வணிகச்சின்னம் குறுக்கே நிற்கிறது! போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர்கள் முன்னிலையில் வேறொரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தமும் போட்டார்கள். உயர்நீதிமன்றம் வரை போன பிறகே, 2025 ஜனவரி 27இல், பதிவு கிடைத்தது. பதிவு மட்டும்தான்.

'இப்போது புதிய சட்டம் வந்துவிட்டதே' என்பார்கள். உண்மைதான். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற ஏற்பாடு அதில் உண்டு. பல சங்கங்கள் இருக்குமிடத்தில் 51 விழுக்காடு உறுப்பினர் கொண்டது மட்டுமே பேசலாம். எவருக்கும் அது இல்லையென்றால் 20 விழுக்காடு உள்ளவர்கள் ஒரு குழுவாக அமரலாம். இவ்வளவு காலம் கழித்தாவது வந்ததை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எண்ணப்படுவது அந்த ஆலையின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் தலைகள். ஒப்பந்தக்காரரின் பேரேட்டில் கிடப்பவர்கள் எந்தப் பக்கத்தில் சேர்வார்கள்? முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லா ஆலைகளுக்கும். பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. தொகுப்பின் விதிகளை மீறினால் சங்கத்தின் பதிவையே ரத்து செய்யலாம். ஒரு கையால் பலகையை நீட்டி, மறு கையால் அதன் காலைப் பிடித்துக்கொள்கிற வேலை இது.

திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் சங்கம் கட்டிய கதையைச் சொன்ன டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது மகிழ்ந்தவர்களில் பலர்தாம் இன்று 'சங்கத்தால் முதலீடு ஓடிவிடும்' என்கிறார்கள். அந்த நாவலின் மனிதர்கள் எதைக் கேட்டார்களோ அதையேதான் சுங்குவார்சத்திரத்து இளைஞர்களும் கேட்டார்கள். நாவலில் அது சரியென்றால், ஆலை வாசலில் மட்டும் எப்படித் தவறாகிறது என்று இந்த நண்பர்கள் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறோம்.