4 கோடி இலக்கம் உள்ள எண்!

ஓர் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லத் தொடங்குகிறீர்கள். ஒரு விநாடிக்கு ஓர் இலக்கம். சாப்பாடு இல்லை, தூக்கமும் இல்லை. சொல்லி முடிக்க 474 நாளுக்கு மேல் ஆகும்!

அப்படிப்பட்ட ஓர் எண்ணை, அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டூரண்ட் 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கண்டுபிடித்தார். அதில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் இருக்கின்றன. அதுவரை தெரிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியது.

பகா எண் என்றால் என்ன?

12 மாம்பழங்களை 3 பேருக்குச் சமமாகக் கொடுக்கலாம். 4 பேருக்கும் கொடுக்கலாம். 13 பழம் இருந்தால்? ஒருவரே எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது 13 பேருக்கு ஆளுக்கு ஒன்று. வேறு வழி இல்லை. இப்படிப் பங்கு போட முடியாத எண்தான் பகா எண்.

எப்படிக் கிடைத்தது?

மூன்று 2-களைப் பெருக்கினால் 8. ஒன்றைக் கழித்தால் 7. இது பகா எண். ஐந்து 2-களைப் பெருக்கினால் 32. ஒன்றைக் கழித்தால் 31. இதுவும் பகா எண். புதிய எண்ணும் இதே வம்சம்தான். 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழிக்க வேண்டும்!

ஆனால், எல்லா முறையும் இது பலிக்காது. 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-ல் எழுதினார். அது தவறு. 1903-ல் நியூயார்க்கில் கோல் என்ற பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு எண்களைப் பெருக்கிக் காட்டினார். விடை, துறவி சொன்ன அதே எண்! அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்க அவருக்கு 3 வருட ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தனவாம்.

என்ன பயன்?

பெருக்குவது சுலபம், பிரிப்பது கடினம். இதை வைத்தே 1977-ல் அமெரிக்காவில் 3 அறிஞர்கள் ஒரு ரகசியப் பூட்டு செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வைப்பதுதான் அந்தப் பூட்டு. கம்ப்யூட்டர் வழியாகப் போகும் பணத்துக்கும் ரகசியத்துக்கும் அது காவலாக நின்றது.

அந்தப் பூட்டுக்குச் சில நூறு இலக்கமே போதும். 4 கோடி இலக்கம் தேவை இல்லை. அப்படியானால், டூரண்ட் செய்தது வீண் வேலையா?

1994-ல் நடந்ததைக் கேளுங்கள். நைஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் பகா எண் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். விடை சரியாக வரவில்லை. தேடிப் பார்த்தார். தவறு அவருடையது அல்ல. பெண்டியம் கம்ப்யூட்டர் சில்லு வகுத்தலில் தப்புச் செய்தது! இன்டெல் கம்பெனி சில்லுகளை மாற்றிக்கொடுக்க நேர்ந்தது.

ஆகவே, பயன் தெரியாத கணக்கை வீண் என்று தள்ளிவிட முடியாது. "இந்த எண்ணை எதனால் வகுக்கலாம்?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் வகுத்துப் பாருங்கள்.