மணலின் விலை

கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். அதில் செய்த, ஒரு சாண் உயரம்கூட இல்லாத வாசனைக் குப்பிகளை அலெக்சாண்டருக்குப் பிந்தைய கிரேக்க உலகம் அருமையாக வைத்திருந்தது. இறந்தவர்களோடு கல்லறையிலும் வைத்தது. ஒரு பொருளின் மதிப்பு அதில் இறங்கிய உழைப்பால் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அன்று கண்ணாடியை ஊதத் தெரியாது. உலோகக் கம்பியின் முனையில் களிமண்ணும் சாணமும் பிசைந்து, குப்பியின் வயிற்றளவுக்கு ஒரு கரு பிடிப்பார்கள். அதன்மேல் உருகிய கருநீலக் கண்ணாடியைப் போர்த்தி, மஞ்சளும் வெள்ளையுமான இழைகளைச் சூட்டோடு சுற்றி, கூரான கருவியால் மேலும் கீழும் இழுத்தால் இறகு போலக் கோலம் விழும். கல் பலகையில் உருட்டிச் சமன்செய்து, காதுகள் ஒட்டி, மெல்ல ஆறவிட்டு, கடைசியில் உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆறுவதில் அவசரப்பட்டால் விரிசல் விட்டு அத்தனை வேலையும் போய்விடும்.

குப்பிக்கு மதிப்பு உள்ளே இருந்த தைலத்தால் வந்தது என்பார்கள். தைலம் விலை கூடியதுதான். ஏலமும் சடாமாஞ்சியும் இந்தியாவிலிருந்து வருவதாகச் சிலர் சொல்வதைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. 300 வாக்கிலேயே குறித்திருக்கிறார். ஆனால் தைலத்தைக் காப்பதுதான் நோக்கமென்றால் மண் குப்பியே போதும். அதே காலத்தில் அதுவும் ஏராளமாகப் புழங்கியது. அரிதாக இருந்ததால்தான் மதிப்பு என்பது இதைவிட வலுவான வாதம். அப்படி அரிதாக இருந்தது எது? மணலுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைப்பழக்கமும் அதற்குப் பிடித்த நேரமும்தான் அரிது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் குழலால் ஊதும் முறை வந்தது. சில தலைமுறைக்குள் ரோமில் கண்ணாடிக் கிண்ணம் ஒரு செப்புக் காசுக்குக் கிடைத்ததாகப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். மணல் அதே மணல். வேலை குறைந்ததும் விலை விழுந்துவிட்டது.

தங்கம் அப்படியல்ல, அதற்குத் தானாகவே மதிப்பு உண்டு என்று கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி ஒரு டன் பாறையை உடைத்தாலும், கடைசிக் காலத்தில் கிடைத்தது சில கிராம். மிச்சமெல்லாம் சயனைடு மேடாக நம் கண்முன் நிற்கிறது. ஆனால் குப்பியில் இழையை இழுத்த கை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் தெரிகிறது. இங்கே எடுத்த 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் உருகி எங்கெங்கோ கலந்துவிட்டது. வடஆர்க்காட்டிலிருந்து வந்து பாறை உடைத்தவரின் கை அதில் தெரியவே தெரியாது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமும் மூடியாயிற்று. அந்தக் கையின் தடம் இனி பரணில் கிடக்கும் தலைவிளக்கிலும் தொப்பியிலும் உளியிலும்தான். அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்தச் சுரங்கம், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.