பாஸ்போர்ட்டு என்னும் தூண்டில்

பெலாரூஸ் தேசத்து அதிபர் லூகஷெங்கோ 2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் ஓர் உத்தரவு பிறப்பித்தார். அந்நாட்டுப் பிரஜை ஒருவர் அயல்நாட்டில் வசிக்கையில் பாஸ்போர்ட்டின் கெடு முடிந்தால், அங்குள்ள ஸ்தானிகராலயத்தில் அதைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. தாய்நாட்டுக்கே திரும்பி வந்து பெற வேண்டுமாம்.

இதன் அந்தரங்க நோக்கம் யாதென்று சொல்லவும் வேண்டுமோ? 2020-ஆம் வருஷத்துத் தேர்தலில் மோசடி நடந்ததென்று வீதியில் திரண்ட ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கைதாயினர். தப்பியவர் பலர் போலந்திலும் லித்துவேனியாவிலும் தஞ்சம் புகுந்தனர். அவர்கள் பாஸ்போர்ட்டை நாடி மின்ஸ்க் நகரில் போய் இறங்கினால் கைக்கு வருவது பாஸ்போர்ட்டா, விலங்கா? ஊரிலுள்ள வீட்டை விற்றுப் பிழைக்கலாமென்றாலோ, அதற்கான பவர் பத்திரத்தை ஸ்தானிகராலயங்கள் எழுதிக் கொடுப்பதையும் அதே உத்தரவு நிறுத்திவிட்டது. சட்டம் கற்ற ஒருவரே இதை வகுத்திருக்க வேண்டும். நமது தொழிலுக்கு இது பெருமையன்று.

வெளிநாடு செல்வது மனிதனின் சொந்த சுதந்திரத்தில் அடங்கியதென்று நம் சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் தீர்ப்பளித்தது. அதுவரை பாஸ்போர்ட்டு கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் இஷ்டமாயிருந்தது. பாஸ்போர்ட்டுச் சட்டம் அவ்வருஷமே பிறந்தது. மறுப்பதற்கும் புதுப்பியாமல் விடுவதற்கும் பேதம் என்ன?

போலந்தும் லித்துவேனியாவும் இவர்களுக்கு அயலார் பிரயாணப் பத்திரம் வழங்கிவருகின்றன. மற்ற ஐரோப்பிய அரசுகளும், கெடு முடிந்த பெலாரூஸ் பாஸ்போர்ட்டையேனும் ஆள் அத்தாட்சியாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கோருகிறோம்.