பாட்டிக்குப் போய்ச் சேராத ஆராய்ச்சி

விடியற்காலை நான்கு மணிக்கு என் பாட்டி எழுந்து உட்கார்ந்துகொள்வார். "ஏம்மா, பெரட்டுக்கு நேரமாச்சு, என் வாளி எங்கே?" என்று என் அம்மாவைக் கேட்பார். குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டிற்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது வாளியும் இல்லை, பெரட்டும் இல்லை, அந்தத் தோட்டமே இல்லை.

முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு, "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டோம். அந்த ஒரு வார்த்தையிலேயே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் இல்லங்களில் மிக எளிதாகச் சொல்லப்படும் அந்த வார்த்தையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

வயதானால் அப்படித்தானா? இல்லை என்கிறது இன்றைய மருத்துவ உலகம். சாவியை எங்கு வைத்தோம் என்று மறப்பது முதுமை. சாவி எதற்கு என்பதையே மறப்பது நோய். மலேசியச் சுகாதார அமைச்சு 2018இல் முதியோரிடையே நடத்திய தேசிய ஆய்வின்படி, 60 வயதைக் கடந்த மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்த மறதிநோய் இருக்கக்கூடும். அதாவது, பன்னிரண்டு முதியவர்களில் ஒருவர். கோயில் திருவிழாவில் பந்தியில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும்.

லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு, 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மறதிநோய்க்கு வழிவகுக்கும் காரணிகளில் நம்மால் மாற்றக்கூடியவை பதினான்கு என்று அது பட்டியலிடுகிறது. குறைந்த கல்வி, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, நீரிழிவு, புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், அளவுமீறிய குடி, தனிமை, காற்று மாசு, கவனிக்கப்படாத பார்வைக் குறை ஆகியவையே அவை. இந்தப் பதினான்கையும் முற்றாக நீக்க முடிந்தால், உலகின் மறதிநோய்களில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. எஞ்சிய 55 விழுக்காட்டில் மரபணுவும் வயதும் இன்னும் அறியப்படாதவையும் அடங்கும். எனவே, யாருக்கேனும் இந்நோய் வந்துவிட்டால் அது அவரது குற்றமன்று. ஆனால், விதி மட்டுமே என்று கைகட்டி நிற்பதும் சரியன்று.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள், நண்பர்களே! நம் தோட்டத் தலைமுறையின் வாழ்க்கை வரலாறு போலவே இல்லையா? ஆறாம் ஆண்டோடு நின்றுபோன படிப்பு, சில வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு அதுவும் கிடைக்காத நிலை, சம்பள நாளில் சம்சு, வாயிலிருந்து இறங்காத சுருட்டு... உடலுழைப்பு மட்டும் குறைவின்றி இருந்தது. தாமானுக்குக் குடிபெயர்ந்ததும் அதுவும் போயிற்று. அந்த இடத்தை இனிப்புநீர் பிடித்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே சொல்லலாம். நீரிழிவு என்றதும் காலை எடுப்பார்கள், கண் போய்விடும் என்று நம் மக்கள் அஞ்சுகிறார்கள். அது மூளையையும் தொடும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே ஒரு செய்தியை நாம் அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை போன்றவை பெரும்பாலும் நடுத்தர வயதில்தான் மூளைக்குக் கேடு செய்யத் தொடங்குகின்றன. எண்பது வயதில் தெரியும் நோய்க்கு ஐம்பது வயதிலேயே அடித்தளம் விழுந்துவிடுகிறது. என் பாட்டிக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால், இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களில் பெரும்பாலோரின் அப்பா அம்மாவுக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயது. முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களும் அக்காமார்களும் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, இது கிழவர்களின் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

அண்மையில் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சி என்னை வியப்பில் ஆழ்த்தியது. அது அக்கியைப் பற்றியது. சின்னம்மை போட்டு ஆறிய பிறகும் அந்தக் கிருமி உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது உடலின் ஒரு பக்கமாகக் கொப்புளங்களாய் வெடிக்கிறது. அதைத்தான் அக்கி என்கிறோம். நம் முன்னோர் குயவரிடம் சென்று செங்காவியால் 'அக்கி எழுதி' வந்தார்கள். இப்போது அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2013 செப்டம்பர் முதல் தேதி முதியோருக்கு அத்தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1933 செப்டம்பர் 2ஆம் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு அது கிடையாது. அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு உண்டு என்று விதி வகுத்தார்கள். ஒரு வாரம் முன்பின்னாகப் பிறந்தவர்களிடையே உணவிலோ படிப்பிலோ பழக்கத்திலோ பெரிய வேறுபாடு இருக்க முடியாது. இருந்த வேறுபாடு ஊசி ஒன்றுதான். வேல்ஸ் முதியோரில் ஏறத்தாழ 280,000 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே அடுத்த ஏழாண்டுகளில் மறதிநோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் இது வெளியானது. அதே மாதத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஊசி ஏன் மூளையைக் காக்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. உறங்கும் கிருமி விழித்தெழாமல் தடுப்பதாலா, அல்லது உடலின் எதிர்ப்புச் சக்தியையே சீர்ப்படுத்துவதாலா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, "மறதிநோய்க்கு ஊசி கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று புலனத்தில் பரப்பிவிடாதீர்கள்! வேல்ஸில் போடப்பட்டது பழைய வகை ஊசி. இன்று பெரும்பாலும் பயன்படுவது புதிய வகை. அக்கியைத் தடுப்பதற்கே அது பரிந்துரைக்கப்படுகிறது, விலையும் அதிகம். ஐம்பதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துச் சென்று, "இது இவர்களுக்குத் தேவையா?" என்று மருத்துவரிடம் கேட்பதுதான் முறை. பழைய நம்பிக்கையில் ஊசியை மறுப்பது ஒரு தவறு. புதுச் செய்தியைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பது இன்னொரு தவறு. இரண்டுக்கும் நடுவே நிதானமாக நிற்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தானே பல்கலைக்கழகம்?

"இதெல்லாம் மருத்துவர் பேச வேண்டியது, தமிழ் மொழிக் கழகத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். என் பதிலுக்கு ஐதராபாத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் ஐதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும், "தமிழும் மலாயும் ஆங்கிலமும் சேர்ந்தால் பிள்ளை குழம்பிப் போகும்" என்று சொல்லித் தமிழை வீட்டிலிருந்து வெளியேற்றும் பெற்றோர், ஐதராபாத்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மொழியைக் கூடுதலாக வைத்திருப்பதால் மூளைக்கு நட்டமில்லை. ஒருவேளை இலாபம்கூட உண்டு.

இரண்டாவது காரணம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பாட்டியை ஒருவழியாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இன்று என்ன தேதி, என்ன கிழமை என்று மலாயில் கேட்டார்கள். என் அத்தை மொழிபெயர்த்தார். "தேதியெல்லாம் கங்காணிக்குத்தான் தெரியும்" என்றார் பாட்டி. பிறகு ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். என் பாட்டி வாழ்க்கையில் பென்சிலைப் பிடித்ததே அன்றுதான். அவர் இழந்த மதிப்பெண்களில் எது நோயால் போனது, எது பள்ளிக்கூடம் போகாததால் போனது, எது மொழியால் போனது? அந்தத் தாதியைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகவே இருந்தார். அவர் கையிலிருந்த கேள்வித்தாள் என் பாட்டிக்காக எழுதப்பட்டதன்று, அவ்வளவுதான்.

எழுதப்பட முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. வட இந்தியாவின் பல்லப்கர் கிராமங்களில், எழுத்தறியா மக்களுக்கு ஏற்பக் கேள்விகளை இந்தியில் மாற்றியமைத்து 1995இல் வெளியிட்டார்கள். மறதிநோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, '10/66' என்றே தனக்குப் பெயரிட்டுக்கொண்ட ஆய்வுக்குழு ஒன்று உண்டு. அக்குழு சென்னையிலும் வேலூரிலும் தமிழ் முதியோரிடமே ஆய்வு நடத்தியது. நம் மொழியில் இது முடியாத காரியமன்று.

மூன்றாவது காரணம் சொல்லைப் பற்றியது. 'டிமென்ஷியா' என்றால் பாட்டிக்குப் புரியாது. பக்கத்து வீட்டார் மலாயில் சொல்லும் 'ஞாஞோக்' என்ற சொல்லில் ஏளனம் கலந்திருக்கிறது. ஒரு நோய்க்கு மரியாதையான பெயர் இல்லாத வீட்டில், அந்த நோயாளிக்கும் மரியாதை குறைந்துவிடும். 'மறதிநோய்' என்று இந்தக் கட்டுரை முழுவதும் எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வோம். ஆனால், அதை நாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், திருக்குறள் ஒப்புவிக்கிறோம். வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதில் அவர் அதிகம் பேசுவது மருந்தைப் பற்றியன்று. செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதைப் பற்றி. வருமுன் காக்கும் அந்த அறிவை அவர் தம் காலத்துத் தமிழில் தந்தார். நம் காலத்து அறிவை நம் காலத்துத் தமிழில் தருவதும் தமிழ்ப்பணிதான்.

நம்மால் முடியுமா என்ற ஐயம் வேண்டாம். 2021இல் கோவிட் தடுப்பூசிக்குத் தாத்தா பாட்டிகளின் பெயரை மைசெஜாத்ராவில் பதிந்தது யார்? வதந்தியைக் கேட்டு அஞ்சியவர்களுக்கு எடுத்துச் சொல்லி, கைபிடித்து அழைத்துச் சென்றது யார்? பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளாகிய நாம்தாம்! மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டா அதைச் செய்தோம்?

ஆகவே, நம் கழகத்துக்கு மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, அந்தப் பதினான்கு காரணிகளையும் பேச்சுத் தமிழில் ஒரே தாளில் எழுதி, மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, கூலாய், மாசாய், உலு திராம் வட்டாரக் கோயில்களில் கொடுப்போம். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிப்பதிவாகத் தருவோம். இரண்டாவது, மருத்துவமனைக்குச் செல்லும் முதியோருக்கு மொழிபெயர்க்க விரும்பும் மாணவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்போம். மூன்றாவது, மருத்துவத் துறையிலிருக்கும் முன்னாள் மாணவர்களை அழைத்து ஆண்டுக்கு ஒரு நாள் தமிழிலேயே பேசச் சொல்வோம். பட்டிமன்றத்துக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது.

நான்காவது வேலை கழகத்துடையதன்று, அவரவருடையது. தனிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளைகள் இருள் பிரியுமுன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் இரவில் திரும்பும் வீடுகள் ஜொகூரில் ஏராளம். நாள் முழுவதும் தொலைக்காட்சியோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வீட்டிற்குப் போகும்போது, தொலைக்காட்சியின் சத்தம் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். கூடியிருந்தால் அப்பாவின் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று அம்மாவைக் கேளுங்கள். பிறகு சற்று நேரம் உட்கார்ந்து பேசுங்கள், தமிழில்.

என் பாட்டி மலாயை மறந்துவிட்டார். ஒரு காலத்தில் சந்தையில் பேரம் பேசிய மலாய் அது. தமிழ் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் விடியற்காலையில் அவர் வாளியைக் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. "இன்னிக்கு மழை பாட்டி, பெரட்டு இல்லை" என்று சொல்கிறேன். மழை நாளில் மரம் சீவ முடியாது என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறார்.