ஈரட்டி என்றால் இனிக்காதோ?

தக்கலையில் மாலை வேளையில் தேநீர்க்கடை முன் வந்து நிற்கும் தமிழன், கண்ணாடிக் குடுவையைச் சுட்டிக்காட்டிப் 'பிசுக்கட்டு' கேட்கிறான். அண்டைக் கடையின் பெயர்ப்பலகையிலோ 'பேக்கரி' என்று தமிழெழுத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. பெயர்ப்பலகையில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்பது தமிழ்நாட்டரசின் விதி. விதிக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டு, சொல்லை ஆங்கிலத்துக்கு அடகு வைத்துவிட்டான் வணிகத் தமிழன்!

'பிசுக்கட்டு' என்பது என்ன? இலத்தீனில் 'பிசு' என்றால் இருமுறை. 'கொக்குத்து' என்றால் வெந்தது. ஒருமுறை சுட்ட அப்பத்தை மீண்டும் சுட்டு ஈரம் போக்கினால் அது கெடாமல் நெடுநாள் நிற்கும். கடலோடிகளும் படைமறவரும் அதைக் கட்டிச் சென்றனர். பிரஞ்சுக்காரரிடமிருந்து அச்சொல் ஆங்கிலேயரிடம் சென்றது. அமெரிக்கர் வழங்கும் 'குக்கீ' ஒல்லாந்தரின் சொல். சிற்றப்பம் என்பதே அதன் பொருள். பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய நியூயார்க்குப் பகுதியில் குடியேறிய ஒல்லாந்தர் அதனை அங்கே கொண்டு சென்றனர். செருமானியரோ 'இருமுறை சுட்டது' என்ற பொருளைத் தம் மொழியிலேயே வார்த்து, 'சுவீபாக்கு' என்று பெயரிட்டுக்கொண்டனர். பண்டத்தை ஏற்றனர், பெயரைத் தாமே ஈன்றனர்.

தமிழுக்கு அவ்வாற்றல் இல்லையா? அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அட்டிலும் அவ்வேரில் கிளைத்தவையே. இருமுறை அடப்பட்டது ஈரட்டி. அதனை அடும் இடம் அடுமனை. பொருளும் விளங்குகிறது, நாவும் இடறவில்லை. பின் என்ன தடை?

"வந்தது அயற்பண்டம், அதன் பெயரும் அயற்பெயராய் இருந்தால் என்ன?" என்று கேட்பார் உளர். இந்நாட்டில் ஈரட்டித் தொழில் ஊன்றியது நேற்றுத்தான். மாம்பள்ளி பாப்பு தலைச்சேரியில் தொழிலகம் கண்டது 1880இல்; கல்கத்தாவில் பின்னாளில் 'பிரிட்டானியா' எனப் பெயர்பெற்ற நிறுவனம் தொடங்கியது 1892இல். ஆனால், பாகும் மாவும் சேர்த்து அடும் கலை அவர்களோடு வந்ததன்று. பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் கூவியரைப் பேசுகின்றன. அப்பமும் அடையும் பாகொடு ஆக்கி விற்ற தமிழ்த் தொழிலாளர் அவர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தொழிலுக்குப் பெயரிருந்த இனம், இன்று 'பேக்கரி' இன்றேல் வாய் திறவாதாம்!

நாஞ்சில் நாட்டு அடுக்களைக்குள் சென்று பாருங்கள். சிறுபயற்றை வறுத்துத் திரிப்பர். தேங்காய்த் துருவலை வறுத்துச் சேர்ப்பர். கருப்புக்கட்டிப் பாகு காய்ச்சி ஏலம் தூவிப் பிசைந்து உருட்டுவர். அரிசிமாக் கரைசலில் மூன்று மூன்றாய்த் தோய்த்து எண்ணெயிற் பொரித்தெடுப்பர். கொடிமுந்திரிக் குலைபோல் ஒட்டி நிற்பதால் அது முந்திரிக்கொத்து. மேலையர் பண்டம் இருமுறை தீக்கண்டதென்றால், இது வறுவலிலும் பாகிலும் பொரிப்பிலுமாக மும்முறை தீக்கண்டது! பல நாள் கெடாது. மணவீட்டுச் சீரில் செம்மாந்து செல்வது. இதனை ஆக்கத் தெரிந்த கைகள் இன்று மூப்படைகின்றன. பேத்தியரோ தகரப் பெட்டிகளில் அடைத்த அயற்பெயர்ப் பண்டங்களைத் தேடுகின்றனர். சொல் போனால் பொருள் போகும். பொருள் போனால் கை மறக்கும். கை மறந்தபின் அக்கலையை எந்தக் கடையில் விலைக்கு வாங்குவது?

தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சற்போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைத்தலைவனாகி, 1777இல் மறைந்த டிலனாயின் கல்லறை அது. அதன்மேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்தக் குழுமத்துக்காக வாளேந்தி வந்தவனின் கல்லறைக் கல்லுக்குத் தமிழ் தகுந்தது. தமிழன் கடையின் பலகைக்கு மட்டும் தமிழ் தகாதோ?

இம்மண் எளிதாய்த் தமிழ்நாட்டோடு சேர்ந்த மண்ணன்று. 1954 ஆகத்து 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலரின் துமுக்கிச் சூட்டுக்குத் தமிழர் நெஞ்சு காட்டி மாண்டனர். அவ்வீகத்தின் பயனாகவே 1956 நவம்பர் முதல்நாள் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீசுவரமும் தாய்நிலத்தோடு இணைந்தன. அவர்கள் உயிர் ஈந்தது தமிழுக்கு, 'பேக்கரி'க்கு அன்று.

ஈழத்தமிழர் 'வெதுப்பகம்' என்று பலகை எழுதினர். எவரும் பட்டினி கிடக்கவில்லை. இங்குள்ள வணிகர் 'அடுமனை' என்று எழுதட்டும். வாங்குவோர் 'ஈரட்டி' என்று வாய்விட்டுக் கேட்கட்டும். முதல்நாள் கடைக்காரர் நகைப்பார். மறுநாள் பொருள் கேட்பார். மூன்றாம் நாள் அவரே சொல்வார். அவ்வீட்டுப் பிள்ளை அதனையே தாய்மொழியாய்க் கற்கும்.

தமிழர்களே! நாவுக்குச் சுவை தேடுகிறீர்கள். அந்நாவுக்கு மொழி தந்தவளை மறவாதீர்கள்!